பிள்ளைக்கு மைக்ரேன்: மாத்திரைக்கு முன்னால் நேரசூசியைப் பாருங்கள்

வெள்ளவத்தைப் பக்கம் ஏதாவதொரு பாமசியில் பின்னேரம் நாலு மணிக்குக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். "பிள்ளைக்குத் தலையிடி, ஐஞ்சு மணிக்கு மட்ஸ் கிளாஸ் இருக்கு, கெதியாக் கேக்கிற மாதிரி ஏதும் தாங்கோ" என்று ஒரு அம்மாவாவது வருவார். வாங்கிய மாத்திரையை அங்கேயே விழுங்க வைத்து, பிள்ளையை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார். அந்த அம்மாவைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் தலையிடி என்ன வகை என்று தெரியாது, மருந்து எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று தெரியாது, தலையிடியைக் கிளப்பிவிட்ட அதே நாளுக்குள் பிள்ளையைத் திரும்பவும் தள்ளிவிடுகிறோம். இந்த மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம். என் அபிப்பிராயத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன்: கொழும்பில் வளரும் பிள்ளைகளின் மைக்ரேனுக்கு மாத்திரையை மாற்றுவதைவிட நேரசூசியை மாற்றுவதுதான் கூடப் பலன் தரும். மாத்திரையே வேண்டாம் என்பதல்ல. நேரத்தோடு, அளவோடு வேண்டும்.

இது மைக்ரேன்தானா?

ஏறக்குறைய பத்துப் பிள்ளைகளில் ஒருவருக்கு மைக்ரேன் இருக்கிறது. சின்ன வயதில் ஆண், பெண் என்று பெரிய வித்தியாசம் இல்லை; பருவமடைந்த பிறகு பெண் பிள்ளைகளிடம் கூடிவிடும். அம்மாவுக்கோ சித்திக்கோ அப்பப்பாவுக்கோ இருந்திருக்கும். பல வீடுகளில் அதைப் "பீனிசம்" என்று சொல்லியே காலம் போயிருக்கும்.

ஒரு பக்கம் மட்டும் இடித்தால்தான் மைக்ரேன் என்று நினைத்துக்கொண்டிருக்க வேண்டாம். பிள்ளைகளுக்கு அநேகமாக நெற்றி முழுக்க, அல்லது இரண்டு பொட்டிலும் இடிக்கும். பெரியவர்களுக்கு ஒரு தாக்கம் குறைந்தது நாலு மணித்தியாலம் என்றால், பிள்ளைகளுக்கு இரண்டு மணித்தியாலத்திலும் முடிந்துவிடலாம். சிலருக்கு மூன்று நாள் வரை இழுக்கும். "வெளிச்சம் கூசுது" என்று சின்னப் பிள்ளைக்குச் சொல்லத் தெரியாது. அது ஜன்னலுக்கு முதுகைக் காட்டிப் படுக்கும், ரீவியை நிறுத்தச் சொல்லும், தங்கச்சி பாடினால் எரிந்து விழும், முகம் வெளுத்துச் சத்தி எடுக்கும், பிறகு நித்திரை கொண்டு எழும்பி ஒன்றும் நடக்காத மாதிரிச் சோறு கேட்கும். அந்தக் கடைசிப் பகுதியைப் பார்த்துத்தான் வீட்டில் "கள்ளம்" என்று சொல்லிவிடுகிறார்கள். தூங்கி எழும்பினால் தெளிவதும் இந்த நோயின் குணம்தான்.

சிலருக்குத் தலையிடிக்கு முன்னால் கண்ணில் மின்னல் மாதிரி நெளிகோடுகள், கறுப்புத் திட்டுகள் தெரியும். கை, உதடு விறைத்துக்கொண்டு வரலாம். இது மெல்ல மெல்லப் பரவி, அநேகமாக ஒரு மணித்தியாலத்துக்குள் மறையும். இன்னும் சில சின்னப் பிள்ளைகளுக்குத் தலையே இடிக்காது. தொப்புளைச் சுற்றி வலி, சத்தி, வெளுப்பு என்று மாதத்துக்கு ஒருமுறை வந்து போகும். பூச்சி மருந்து கொடுத்தும் தீராத வயிற்றுவலிகளில் சில இந்த வகை.

கண்ணாடி விஷயத்தையும் சொல்ல வேண்டும். தலையிடி என்றதும் முதலில் கண் கடைக்குத்தான் ஓடுகிறோம். பார்வையைப் பரிசோதிப்பதில் பிழையில்லை, ஆனால் சத்தியோடும் வெளிச்சக் கூச்சத்தோடும் வந்து போகும் தலையிடியைக் கண்ணாடி தீர்த்துவைப்பது அரிது. பீனிசமும் அப்படித்தான். மைக்ரேன் நேரத்தில் மூக்கு ஒழுகலாம், கண் கலங்கலாம், முகம் பாரமாக இருக்கலாம். அதனால்தான் இந்தக் குழப்பம்.

காத்திருக்கக் கூடாத தலையிடிகள்

திடீரென்று, வாழ்நாளில் இல்லாத அளவுக்கு ஒரே நொடியில் உச்சத்துக்குப் போன தலையிடி. காய்ச்சலோடு கழுத்து விறைப்பு. வலிப்பு, தள்ளாட்டம், கை கால் பலமிழத்தல், இரட்டையாகத் தெரிதல். தலை அடிபட்டபின் வந்தது. குழப்பமான பேச்சு, எழுப்ப முடியாத மயக்கம். இவற்றில் எது இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிதான். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம், வீட்டு வாசலுக்கே வரும். இவ்வளவு அவசரம் இல்லாவிட்டாலும் சில நாட்களுக்குள் டொக்டரிடம் காட்ட வேண்டியவையும் உண்டு: நித்திரையிலிருந்து எழுப்பும் தலையிடி, விடியற்காலையில் சத்தியோடு வருவது, குனிந்தால் இருமினால் கூடுவது, கிழமைக்குக் கிழமை மோசமாகிக்கொண்டு போவது, ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு வருவது, பிள்ளையின் குணமோ எழுத்தோ நடையோ மாறியிருப்பது. எடை கூடிய பெண் பிள்ளைக்குத் தலையிடியோடு பார்வை மங்கி மங்கி வந்தால் கண்ணின் உட்புறத்தைக் கட்டாயம் பார்ப்பிக்க வேண்டும்.

இந்த ஊரில் இன்னொன்று: டெங்கு. மழை விட்டு நுளம்பு பெருகும் காலத்தில் காய்ச்சலோடு வரும் தலையிடியை மைக்ரேன் கணக்கில் போடாதீர்கள். முன்பு எத்தனை தடவை மைக்ரேன் வந்திருந்தாலும் சரி, காய்ச்சல் இருந்தால் இரத்தப் பரிசோதனைதான். அதுவரை பரசிட்டமோல் மட்டும். ஐபுபுரோபன், டைக்ளோபெனாக், அஸ்பிரின் எதுவும் வேண்டாம். டெங்குவில் அவை இரத்தப்போக்கைக் கூட்டிவிடும்.

ஒரு சீ.ஆர். கொப்பி வாங்குங்கள்

போனில் செயலி இருக்கிறது, சரி. ஆனால் தலை இடிக்கும் பிள்ளையின் கையில் போனைக் கொடுப்பது எனக்குப் பிடிக்காது. கொப்பி போதும். திகதி, எத்தனை மணிக்குத் தொடங்கியது, எத்தனை மணிக்கு விட்டது, பத்துக்கு எத்தனை வலி, என்ன மருந்து எவ்வளவு, பாடசாலைக்குப் போனதா. அப்புறம் முதல் நாளைப் பற்றி மூன்று குறிப்பு: எத்தனை மணிக்குப் படுத்தது, காலையில் என்ன சாப்பிட்டது, எத்தனை போத்தல் தண்ணீர். பெண் பிள்ளை என்றால் மாதவிடாய்த் தேதியும். இரண்டு வரிக்கு மேல் எழுத வேண்டாம், எழுதினால் மூன்றாம் கிழமையே கைவிட்டுவிடுவீர்கள்.

பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளையே எழுதட்டும். தாக்கத்துக்கு முதல் நாள் அதிகம் கொட்டாவி விட்டதா, கழுத்து இறுகியதா, இனிப்புக்கு ஏங்கியதா என்பதையும் கேட்டுக் குறியுங்கள். சொக்லேட் தின்றதால் தலையிடி வந்தது என்று நாம் சொல்வோம். பல தடவைகளில் தலையிடி ஏற்கெனவே உள்ளுக்குள் தொடங்கியதால்தான் சொக்லேட்டைத் தேடியிருக்கும்.

தாக்கம் தொடங்கிய முதல் மணித்தியாலம்

"கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம், சும்மா மருந்து கொடுக்கக் கூடாது" என்பது நல்ல எண்ணம்தான். ஆனால் மைக்ரேனில் அது எதிர்மாறாக வேலை செய்கிறது. தாக்கம் முற்றும்போது இரைப்பை மந்தமாகிவிடும். பிறகு போடும் மாத்திரை கரைந்து இரத்தத்துக்குப் போகாமல் அங்கேயே கிடக்கும், சத்தியோடு வெளியே வரும். முதல் அரை மணித்தியாலத்துக்குள் கொடுங்கள்.

அடுத்தது அளவு. பரசிட்டமோல் உடல் எடையில் கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஒரு தடவைக்கு அதிகபட்சம் 1,000. வீட்டுத் தராசில் பிள்ளையை ஏற்றிப் பாருங்கள். 30 கிலோ இருந்தால் 450 மில்லிகிராம் வேண்டும். சிரப் போத்தலில் 5 மில்லிலீற்றருக்கு 120 மில்லிகிராம் என்று இருந்தால், நாலு வயதில் கொடுத்த பழக்கத்தில் இப்போதும் இரண்டு கரண்டி ஊற்றினால் 240தான் உள்ளே போகிறது. "பனடோல் இவனுக்குக் கேக்காது" என்று சொல்கிறவர்களில் கணிசமானோர் பாதி அளவு கொடுக்கிறவர்கள். ஆறு மணித்தியால இடைவெளி விட வேண்டும், 24 மணித்தியாலத்தில் நாலு தடவைக்கு மேல் கூடாது. தடிமன் சிரப்புகள் பலவற்றிலும் பரசிட்டமோல் இருக்கிறது, ஆகவே லேபிளைப் பார்க்காமல் இரண்டையும் சேர்த்துக் கொடுக்க வேண்டாம். ஈரல் நோய் உள்ள பிள்ளைக்கு டொக்டர் சொன்ன அளவுதான்.

பரசிட்டமோலுக்கு அடங்காத பிள்ளைகளுக்கு ஐபுபுரோபன் நன்றாக வேலை செய்கிறது: கிலோவுக்கு 10 மில்லிகிராம், ஒரு தடவைக்கு 400க்கு மேல் போகாமல், வயிற்றில் ஏதாவது போட்ட பிறகு. ஆஸ்துமா, சிறுநீரகப் பிரச்சினை, வயிற்றுப்புண் இருந்தால் டொக்டரைக் கேட்காமல் வேண்டாம். காய்ச்சல் இருந்தால் அறவே வேண்டாம். அஸ்பிரின் 16 வயதுக்குக் கீழ் கொடுக்கக் கூடாது. மூளையையும் ஈரலையும் தாக்கும் ரேய் நோய்க்குறி என்ற ஆபத்து அதிலிருக்கிறது.

சத்திக்கென்று பாமசியில் கேட்டு வாங்கும் மாத்திரைகளில் கவனம். மெட்டோகுளோபிரமைட், புரோகுளோர்பெரசின் வகைகள் இளம் பிள்ளைகளின் கழுத்தையும் தாடையையும் கண்ணையும் ஒரு பக்கம் இழுத்துப் பிடிக்க வைக்கலாம். பார்க்கிறவர்கள் வலிப்பு என்று பயந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். சத்தி மருந்தை டொக்டர் எழுதட்டும். டிரிப்டான் வகை மருந்துகளும் அப்படியே. மைக்ரேனுக்கென்றே உள்ளவை அவை. சாதாரண வலி மருந்துக்குக் கேட்காத வளர்ந்த பிள்ளைக்குப் பொருந்துமா என்று கேட்டுப் பார்க்கலாம்.

மருந்து கொடுத்ததும் திரைச்சீலையை மூடுங்கள், மின்விசிறி ஓடட்டும், நெற்றிக்கு ஈரத்துணி. சீனி போட்ட பிளேன்ரீயோ ஜீவனியோ மிடறு மிடறாக. சித்தாலேப பூசினால் சுகமாக இருக்கிறது என்றால் பூசுங்கள், கண்ணுக்குக் கிட்டே மட்டும் வேண்டாம். சில பிள்ளைகளுக்கு அந்த வாசனையே குமட்டும், அவர்களுக்குப் பூசாதீர்கள். அம்மம்மா நாவூறு கழிப்பதாக இருந்தால் கழிக்கட்டும், மிளகாய்ப் புகை மட்டும் அந்த அறைக்குள் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். நித்திரை வந்தால் எழுப்பாதீர்கள். அதைவிட நல்ல மருந்து இல்லை.

எல்லாவற்றுக்கும் ஒரு வரம்பு: வலி மருந்து கிழமைக்கு இரண்டு நாளுக்கு மேல் வேண்டாம். மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ சாதாரண வலி மருந்து, மூன்று மாதத்துக்கு மேலாக எடுத்துவந்தால் மருந்தே தலையிடியை உண்டாக்கத் தொடங்கிவிடும். டிரிப்டான், கோடின் கலந்த மாத்திரைகளுக்கு 10 நாளே போதும். கொப்பியில் மருந்து எழுதச் சொன்னதற்கு இதுதான் முக்கிய காரணம்.

நேரசூசி

சாதாரண தரம் படிக்கும் ஒரு பிள்ளையின் நாளை எடுத்துக்கொள்வோம். பாடசாலை ஏழரைக்கு. வான் ஆறு மணிக்கே வந்து ஹோர்ன் அடிக்கும், தெகிவளையில் ஏறினால் ஊரெல்லாம் சுற்றித்தான் கொண்டுபோய் விடும். காலைச் சாப்பாடு இல்லை, "பசிக்கேல்ல" என்று ஒரு மிடறு தேநீர். இடைவேளைக்கு ஒரு மாலு பாண். இரண்டு மணிக்கு வீடு, அவசரமாகச் சோறு, நாலு மணிக்கு ரியூசன், ஏழுக்கு இன்னொன்று. ஒன்பதுக்கு வந்து குளித்துச் சாப்பிட்டு வீட்டுவேலை செய்து படுக்கப் பன்னிரண்டு. சனி ஞாயிறும் வகுப்புத்தான். வகுப்பில்லாத ஒரு ஞாயிறு கிடைத்தால் பதினொரு மணி வரை தூக்கம். மைக்ரேன் மூளை மாற்றத்தைத் தாங்காத மூளை. நித்திரை, பசி, தாகம், மனப்பாரம், இவற்றில் எது ஏறி இறங்கினாலும் அதற்குத் தெரிந்துவிடும். இந்த நாளில் எல்லாமே ஏறி இறங்குகிறது.

எல்லாவற்றையும் ஒரே கிழமையில் மாற்ற வேண்டாம். நான் சொல்லும் வரிசை இது.

முதலில் காலைச் சாப்பாடு, மிகச் சுலபமானது என்பதால். மேசையில் உட்கார்ந்து இடியப்பம் சாப்பிட நேரமில்லாவிட்டால் வானில் சாப்பிட ஒரு அவித்த முட்டையும் வாழைப்பழமும், அல்லது கௌபி, கடலை. மூன்று நாலு மணித்தியாலத்துக்கு மேல் வெறும் வயிறு வேண்டாம். பாடசாலை விட்டு நேரே ரியூசனுக்குப் போகும் நாளுக்கு இரண்டாவது பெட்டி கட்டுங்கள். விரதம் பிடிக்கும் வீடுகளில் மைக்ரேன் உள்ள பிள்ளைக்கு ஒரு நேரச் சாப்பாடு என்ற கணக்கு ஒத்துவராது. பால், பழம் எடுத்துப் பிடிக்கலாம். நோன்பு பிடிக்கும் பிள்ளைகள் சஹரைத் தவறவிடாமல், நிறையத் தண்ணீரோடு எழும்ப வேண்டும். தாக்கம் வரும் நாளில் நோயாளிக்குரிய சலுகை பற்றி மௌலவியிடம் கேட்டுக்கொள்ளலாம்.

இரண்டாவது தண்ணீர். பெண் பிள்ளைகள் போத்தலை நிரப்பிக் கொண்டுபோய் நிரம்பியபடியே திருப்பிக் கொண்டுவருவார்கள். ஏன் குடிக்கவில்லை என்று திட்டுவதற்கு முன்னால் பாடசாலைக் கழிவறை எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். பாதிப் பேரின் பதில் அங்கேதான். அதை அம்மாமார் நாலு பேர் சேர்ந்து வகுப்பாசிரியையிடம் சொன்னால் ஏதாவது நடக்கும். தனிப் பிள்ளை சொன்னால் நடக்காது. வெயில் நேரத்தில் கிரிக்கெட் விளையாடும் பெடியனுக்குத் தொப்பியும் விளையாட்டுக்கு முன்பே தண்ணீரும்.

மூன்றாவது நித்திரை. இதுதான் கஷ்டம். 12 வயது வரை ஒன்பது மணித்தியாலமாவது, அதற்கு மேல் எட்டிலிருந்து பத்து. ஐந்தரைக்கு எழும்ப வேண்டிய பிள்ளை ஒன்பதரைக்குப் படுக்க வேண்டும். ஒன்பது மணிக்கு வீடு வரும் பிள்ளை அப்படிப் படுக்கவே முடியாது. ஆகவே ஏதாவது ஒரு வகுப்பை விட்டுத்தான் ஆக வேண்டும். இந்த இடத்தில் பெற்றோரின் முகம் மாறும். "எல்லாரும் போறாங்கள்" என்பார்கள். தலையிடியோடு பின்வரிசையில் குனிந்திருக்கும் பிள்ளைக்கு அந்த வகுப்பால் என்ன கிடைக்கிறது என்று கொப்பியை வைத்துக் கணக்குப் பாருங்கள். பாடசாலையில் அதே பாடத்தை ஒழுங்காகக் கற்பிக்கிறார்கள் என்றால் அந்த ரியூசனை முதலில் நிறுத்துங்கள். ஞாயிற்றுக்கிழமை தூக்கத்தை வழமையைவிட ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நீட்ட வேண்டாம். போன், படுப்பதற்கு ஒரு மணித்தியாலம் முன்னால் ஹோலில், அப்பாவின் போனும் சேர்த்து.

உடற்பயிற்சி கிழமைக்கு மூன்று நாலு தடவை, காலிமுகத் திடலிலோ வெள்ளவத்தைக் கடற்கரையிலோ வேக நடையே போதும். கோப்பி, எனர்ஜி ட்ரிங்க் இரண்டையும் பரீட்சைக் காலத்தில் "முழிப்புக்கு" என்று தொடங்குகிறார்கள், தொடங்காமல் இருப்பது நல்லது. உணவு ஒதுக்கல் பற்றிக் கேட்பீர்கள். தக்காளி, சீஸ், தோடம்பழம், சொக்லேட், சைனீஸ் ரைஸ் என்று இருபது பொருளை நிறுத்திப் பிள்ளையை வாட்ட வேண்டாம். ஒரே உணவுக்குப் பிறகு மூன்று தடவையாவது தாக்கம் வந்ததாகக் கொப்பி காட்டினால் அந்த ஒன்றை மட்டும் நிறுத்திப் பாருங்கள். பரீட்சை முடிந்த மறுநாள் தாக்கம் வந்தால் ஆச்சரியப்படாதீர்கள், இறுக்கம் தளரும்போதும் அது வரும்.

வீட்டில் பேசும் விதம்

பாசத்தில் செய்யும் ஒரு பிழை இருக்கிறது. எழும்பியதும் "இடிக்குதா அம்மா?", வான் ஏறும்போது "இப்ப எப்படி?", பாடசாலை விட்டு வந்ததும் "இண்டைக்கு வந்ததா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பது. கேட்கக் கேட்கப் பிள்ளையின் கவனம் தலைக்குள்ளேயே நிற்கும். கேட்காதீர்கள். வந்தால் அது சொல்லும், கொப்பி இருக்கிறது. அதேபோல "பஞ்சி", "நடிப்பு" என்ற சொற்களும் வீட்டை விட்டுப் போக வேண்டும், குறிப்பாகப் பெரியப்பாவின் வாயிலிருந்து. நடிக்கிற பிள்ளை முகத்தை வெளுக்க வைத்துச் சத்தி எடுக்க முடியாது.

தாக்கம் வந்த நாளில் பாடசாலை விட்டு வந்தால் இருட்டறை, நித்திரை. போன், கார்ட்டூன், விசேஷச் சாப்பாடு கிடையாது. இது தண்டனை அல்ல, வெளிச்சம் அந்த நேரத்தில் கூடாது என்பதால். தெளிந்ததும் வழமைக்குத் திரும்ப வேண்டும். வரவு தொடர்ந்து குறைந்துகொண்டு போனால் திரும்பிப் போவது நாளுக்கு நாள் கடினமாகிவிடும், அரை நாளாவது அனுப்புங்கள். வகுப்பாசிரியரிடம் டொக்டரின் கடிதம் ஒன்றைக் கொடுத்து மூன்று விஷயம் கேளுங்கள்: தொடங்கியதும் மருந்து போட அனுமதி, அரை மணித்தியாலம் படுக்க ஓர் இடம், வகுப்பில் தண்ணீர்ப் போத்தல். மருந்தை யார் வைத்திருப்பது என்பதையும் அன்றே முடிவு செய்துவிடுங்கள். தலையிடி ஒவ்வொரு திங்கட்கிழமையும் மட்டும் வருகிறது என்று கொப்பி காட்டினால், வகுப்பில் யாராவது வெருட்டுகிறார்களா, ஏதாவதொரு பாடத்துக்குப் பயமா என்று அமைதியாக விசாரியுங்கள். சோர்வு, அழுகை, வாழ்க்கை வெறுத்த பேச்சு இருந்தால் தாமதிக்க வேண்டாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எந்த நேரமும் பேசலாம்.

தினமும் போடும் தடுப்பு மருந்து

மாதத்தில் நாலு நாளுக்கு மேல் தாக்கம், அல்லது பாடசாலை தொடர்ந்து தவறுகிறது என்றால் இதைப் பற்றிப் பேச வேண்டும். புரோபிரனலோல், டொபிரமேட், அமிட்ரிப்டிலின், புளுனரிசின் ஆகியவை வழக்கமாக எழுதப்படுபவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம்: புரோபிரனலோல் ஆஸ்துமா உள்ள பிள்ளைக்குக் கூடாது, திடீரென்றும் நிறுத்தக் கூடாது, அமிட்ரிப்டிலின் தூக்கம் தரும், டொபிரமேட் பசியைக் குறைக்கும், சொற்களைத் தேட வைக்கும், பரீட்சைக் காலத்தில் இதை யோசிக்க வேண்டும், புளுனரிசின் எடையைக் கூட்டலாம்.

2017 இல் வெளியான ஓர் அமெரிக்கப் பரிசோதனையைப் பெற்றோர் தெரிந்திருப்பது நல்லது. 8 முதல் 17 வயதுப் பிள்ளைகளை மூன்றாகப் பிரித்து அமிட்ரிப்டிலின், டொபிரமேட், மருந்தே இல்லாத வெற்று மாத்திரை கொடுத்தார்கள். தலையிடி நாட்கள் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தவர்கள் முறையே 52, 55, 61 வீதம். வெற்று மாத்திரை தோற்கவில்லை! இதை வைத்து மருந்து ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது. மருந்தில்லாமலும் பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் தேறக்கூடும் என்றுதான் நான் இதை வாசிக்கிறேன். அடிக்கடி தாக்கம் வரும் பிள்ளைகளுக்கு மருந்தோடு சேர்த்து மூச்சுப் பயிற்சி, தசை தளர்த்தல், எண்ணங்களைக் கையாளும் சிகிச்சை கொடுத்தபோது கூடுதல் பலன் கிடைத்ததை 2013 இல் இன்னொரு பரிசோதனை காட்டியது. மருந்து தொடங்கினால் இரண்டு மூன்று மாதம் பொறுத்துப் பார்க்க வேண்டும். இரண்டாம் கிழமையில் "கேக்கேல்ல" என்று டொக்டரை மாற்றுவதில் பயனில்லை.

வளர்ந்த பெண் பிள்ளைகளுக்கு ஒரு விசேஷக் குறிப்பு. கண்ணில் நெளிகோடு தெரியும் வகை மைக்ரேன் இருந்தால், மாதவிடாய் ஒழுங்கில்லை என்று எழுதும் ஈஸ்திரஜன் கலந்த ஓமோன் மாத்திரை பக்கவாத அபாயத்தைக் கூட்டும். அந்த டொக்டரிடம் மைக்ரேனைக் கட்டாயம் சொல்லுங்கள். தடுப்புக்கென்று சிலவேளை எழுதப்படும் வல்புரோயேற், மேலே சொன்ன டொபிரமேட் இரண்டும் கருவைப் பாதிக்கக்கூடியவை என்பதையும் மறைக்காமல் பேசுங்கள்.

டொக்டரிடம் போகும் நாள்

முதலில் உங்கள் குடும்ப டொக்டர். அவர் கடிதம் தந்தால் பொரளை லேடி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் நரம்பியல் கிளினிக்கில் காட்டலாம், அரசாங்க ஆஸ்பத்திரி என்பதால் கட்டணம் இல்லை. காத்திருக்க வேண்டிவரும், சாப்பாடும் தண்ணீரும் கையோடு. கொப்பி, போட்ட மருந்துகளின் மட்டைகள், டொக்டர்மார் எழுதிய பழைய மருந்துத் துண்டுகள், தாக்கத்தின்போது எடுத்த ஒரு சின்ன வீடியோ ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். சிங்களமோ ஆங்கிலமோ தடுமாறினால் கொப்பியின் கடைசி மாதத்தை ஆங்கிலத்தில் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள், பேச்சு பாதியாகக் குறையும்.

இரத்த அழுத்தம் பார்த்தார்களா, கண்ணின் உட்புறம் பார்த்தார்களா என்று கவனியுங்கள். இரண்டும் சரி, நடையும் சரி, ஆபத்து அறிகுறி ஒன்றும் இல்லை என்றால் ஸ்கேன் தேவைப்படாது. சீ.டி. ஸ்கேன் கதிர்வீச்சு, மனச்சமாதானத்துக்கு எடுக்கும் பொருள் அல்ல. வெளியே வருமுன் மூன்று கேள்விக்குப் பதில் கையில் இருக்க வேண்டும்: தாக்கம் வந்தால் எந்த மருந்து எத்தனை மில்லிகிராம், அதற்கும் அடங்காவிட்டால் அடுத்தது என்ன, எந்த நிலையில் உடனே கொண்டுவர வேண்டும். பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளை என்றால் டொக்டரோடு அதுவே பேசட்டும். அம்மா பக்கத்தில் இருந்து, கேட்டால் மட்டும் பதில் சொன்னால் போதும்.